ஜோதி பேருக்கு ஒரு கட்டு

சாத்தூர் பஸ்ஸில் வேலுத்தாய்க்குப் பக்கத்தில் இடம் கிடைத்தவர்கள் பாவம். டிக்கெட் வாங்கிச் சில்லறையை முடிந்துகொள்வதற்குள் அவளுடைய ஒரே மகள் நாகஜோதியின் பிறப்பு, படிப்பு, பட்டம் எல்லாம் காதில் விழுந்திருக்கும். அந்தக் கதையில் மாட்டிக்கொண்டு, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனவர்களும் உண்டு. மகள் பேச்சை எடுத்தால் வேலுத்தாய்க்குக் கண் விரியும், குரல் ஏறும், கழுத்து நரம்பு துடிக்கும். இதெல்லாம் ஊருக்கு நெடுநாளாகத் தெரிந்த விஷயம். இணையத்தில் விளம்பரம் கொடுக்கும் விழிநோக்கு கம்பெனிக்கு அந்தச் சித்திரை மாசம்தான் தெரிந்தது. தெரிந்த அன்றே ஜோதியின் விளம்பரக் கணக்கை நிறுத்தி வைத்துவிட்டது.

"யாரோ கள்ளத்தனம் பண்ணியிருக்காங்கம்மா. எனக்குக் காசு சேரணும்னே என் இணையப் பக்கத்துக்கு வந்து விளம்பரத்தைப் பார்த்திருக்காங்க" என்றாள் ஜோதி. சோற்றுத் தட்டு முன்னால் இருந்தது. அவள் கை வைக்கவில்லை.

"எந்தப் பாவி அவன்? பேரைச் சொல்லு, தெருவுல வச்சு நாக்கைப் பிடுங்குற மாதிரி நாலு கேள்வி கேக்கேன்."

"நீதாம்மா."

வேலுத்தாய் கரண்டியைக் கீழே வைத்தாள்.

ஜோதி பிசியோதெரபி படித்தவள். வெந்து சுருங்கிப்போன கைகளை மறுபடி விரிய வைப்பது அவள் வேலை. பட்டாசு ஆலைகள் சூழ்ந்த ஊரில் அந்த வேலைக்குப் பஞ்சமே இல்லை, கூலி கொடுக்கத்தான் ஆள் இல்லை. அதனால் அவள் 'பத்துவிரல்' என்று ஓர் இணையப் பக்கம் தொடங்கினாள். தீக்காயம் ஆறும்போது விரலை எப்படி மடக்குவது, எப்படி நீட்டுவது, மெழுகு ஒத்தடம் எப்படிக் கொடுப்பது என்று படம் பிடித்து எளிய தமிழில் போட்டாள். எங்கெங்கோ இருந்தெல்லாம் ஆட்கள் பார்த்தார்கள். பக்கத்தில் வரும் விளம்பரக் காசில் ரயில்வே ஸ்டேஷன் அருகே ஓர் அறை எடுத்து, ஆலைப் பெண்களுக்கு இலவசமாகச் சிகிச்சை கொடுத்தாள். கணக்கு போனால் அறை போகும். அறை போனால் அந்தக் கைகளுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

"பார்த்தது ஒரு குத்தமா? கண்ணு இருக்குது, பார்த்தேன்."

"முந்தியெல்லாம் விளம்பரத்தைத் தொட்டாலே காசும்மா. ஆளே இல்லாம மிஷினை வச்சுத் தொட வச்சாங்க, கூலிக்கு ஆளைப் பிடிச்சுத் தொட வச்சாங்க. விளம்பரம் கொடுக்கிறவன் ஏமாந்தான். இப்ப விழிநோக்குக்காரன் தொடுறதைக் கணக்குலயே எடுக்கிறதில்ல. மனசை எடுக்கிறான்." ஜோதி அம்மாவின் மணிக்கட்டில் இருந்த பட்டையைத் தட்டிக் காட்டினாள். ஊரில் எல்லார் கையிலும் அந்தப் பட்டை இருந்தது. ரேஷன், ஆஸ்பத்திரி, கூலி எல்லாவற்றுக்கும் அதுதான் அடையாளம். "இது நாடியைப் பார்க்குது. போன் கேமரா கண்ணைப் பார்க்குது. அந்தப் பொருள் உனக்கு நெசமாவே வேணுமான்னு அதுக்குத் தெரியும். வேணும்னா எனக்குக் காசு."

"எனக்கு வேணும்னுதான பார்த்தேன்!"

"உனக்கு வேண்டியிருந்தது நான் நல்லா இருக்கணும்கிறது. பொருள் இல்ல. அதுக்குப் பேரு பாசப் பார்வையாம். அது செல்லாது. ஒண்ணு ரெண்டுன்னா கழிச்சுட்டு விட்டுருவான். நீ நாலு பேரைக் கூட்டிட்டு வந்து பார்த்திருக்கியாமே?"

நாலு பேர் இல்லை. பட்டறை மொத்தமும். அநேகமாக எல்லாருமே பொறி பட்டு ஜோதியிடம் கைக்கு வைத்தியம் பார்த்தவர்கள். சரவெடி பின்னும் பட்டறையில் பெண்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி காய்ச்சலில் விழுந்துவிட்டால் மற்றவர்கள் ஆளுக்கு ஒரு கட்டுச் சரம் கூடுதலாகப் பின்னி, அவள் பேரில் சேர்த்துவிடுவார்கள். மேஸ்திரிக்குத் தெரியும். தெரிந்தும் அந்த நேரம் பார்த்து வெளியே பீடி பிடிக்கப் போய்விடுவார். திரியில் பொறி பட்டு வேலுத்தாயின் வலது கை வெந்து, ஆஸ்பத்திரியில் கிடந்த மாசங்களில் அவள் வீட்டில் உலை கொதித்ததே அந்தக் கட்டுகளால்தான். ஜோதி பள்ளிக்கூடத்தை நிறுத்தாமல் படித்ததும் அப்படித்தான்.

ஆகவே, விளம்பரத்தைப் பார்த்தால் ஜோதிக்குக் காசு என்று கேள்விப்பட்ட உடனே, வேலுத்தாயின் நாத்தனார் குருவம்மா, "ஜோதி பேருக்கு ஒரு கட்டு போடுங்கடி" என்று சொல்லிவிட்டாள். தினமும் சோற்று வேளையில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து, போனை எடுத்து, கண் கொட்டாமல் விளம்பரத்தைப் பார்த்தார்கள். முதல் ஆளாக வேலுத்தாய். தூக்குச்சட்டியைத் திறப்பதே அதற்குப் பிறகுதான்.

"மறு ஆய்வு கேட்டிருக்கேன்" என்றாள் ஜோதி. "அப்படிப் பார்த்தவங்கள்ல ஒருத்தரை அவங்களே கூப்பிட்டுச் சோதிப்பாங்க. அந்தப் பார்வை செல்லும்னு வந்தா கணக்கு திரும்பும். இல்லைன்னா ஆயுசுக்கும் பூட்டு. என் கண்ணை அடையாளமா வச்சுப் பூட்டுவாங்க, வேற பேர்லயும் திறக்க முடியாது."

"யாரைக் கூப்பிட்டிருக்கான்?"

ஜோதி அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தாள்.

மறுநாள் பட்டறையில் வேலுத்தாய் சுருக்கமாகத்தான் சொன்னாள். "இனிமே யாரும் நம்ம ஜோதி பக்கத்தைத் திறக்கக் கூடாது."

"ஏன் மதினி, எங்க கண்ணு பட்டுருமா?" என்று குருவம்மா எகிறினாள். "எங்கிட்டோ இருக்கிறவன் பாக்கான். வளத்தவ பாக்கக் கூடாதா? நான் தூக்கிச் சுமந்த புள்ள."

"அதுதான் குத்தமாம். தூக்கிச் சுமந்தவ பார்த்தா செல்லாதாம்."

"என்ன எழவெடுத்த சட்டம் இது!" என்றாள் குருவம்மா. பட்டறையே அந்தக் கம்பெனியின் ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்துத் திட்டியது. ஆனால் ஒருத்தியும் போனைத் திறக்கவில்லை. சோற்று வேளையில் எல்லாரும் நேரே தூக்குச்சட்டியைத் திறந்து சாப்பிட்டுவிட்டு எழுந்தார்கள்.

வேலுத்தாய்க்குக் கவலை சோதனையைப் பற்றித்தான். மகள் படத்தைப் பார்க்கும்போது நெஞ்சு பொங்கக் கூடாது. அது நடக்கிற காரியமா? வீட்டுச் சுவரில் ஜோதியின் பட்டமளிப்புப் படத்தின் முன் உட்கார்ந்து பழகிப் பார்த்தாள். மேஸ்திரியின் மூஞ்சியை நினைத்தாள், தண்ணீர் வராத குழாயை நினைத்தாள், கண்ணைச் சுருக்கினாள், மூச்சை அடக்கினாள். கையில் இருந்த பட்டை நாடியைக் காட்டியது. அது ஏறிக்கொண்டேதான் போனது. தன் உடம்பே தனக்கு எதிரியாக நிற்பதைப் பார்த்து அவளுக்கு அழுகை வந்தது. கூடவே, சொல்லக் கூடாது, கொஞ்சம் பெருமையும் வந்தது.

கடைசியில் பஸ் நிலையத்தில் போன் கடை வைத்திருக்கும் கொம்பையாவிடம் போனாள். குறுக்குவழி வேண்டும் என்றால் ஊரில் எல்லாரும் போகிற இடம் அதுதான்.

"மந்த மாத்திரை இருக்கு சின்னம்மா" என்றான் அவன். "இன்டர்வியூக்குப் போற பயலுக வாங்குவானுக. கோர்ட்ல சாட்சி சொல்றவுக வாங்குவாக. போட்டா அரை மணி நேரம் நெஞ்சு கல்லு மாதிரி. பெத்த தாயி செத்தாலும் கண்ணுல தண்ணி வராது."

"மகளைப் பார்த்தா?"

"யாரோ எவரோன்னு இருக்கும்."

அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். வேலுத்தாய் நீட்டிய கையை ஒரு தடவை இழுத்துக்கொண்டாள். இருந்தாலும் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். ஜோதியிடம் சொல்லவில்லை.

சோதனை ஜோதியின் சிகிச்சை அறையிலேயே நடந்தது. ஜோதி மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். அவள் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று உத்தரவு. வேலுத்தாய் தண்ணீர் குடிக்கிற சாக்கில் மாத்திரையை விழுங்கினாள். ஜோதி போனை அவள் முன்னால் நிமிர்த்தி வைத்தாள். குரல் மட்டும் வந்தது, ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத ஒரு குரல்.

"வணக்கம். பக்கத்தை வழக்கம்போல் பாருங்கள். அவசரம் இல்லை."

பத்துவிரல் திறந்தது. மேலே ஒரு பெண்ணின் படம். வேலுத்தாய் பார்த்தாள். யாரோ ஒரு பெண். மூக்கு கொஞ்சம் பெரியது. தலையை இன்னும் நன்றாகப் படிய வாரியிருக்கலாம். அவ்வளவுதான் தோன்றியது. மாத்திரை வேலை செய்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. பயப்பட வேண்டிய விஷயம் என்பதும் புரிந்தது, ஆனால் பயம் வரவில்லை.

கீழே இரண்டு படங்கள். முதலாவதில், உருகி ஒட்டிக்கொண்ட விரல்களோடு ஒரு கை. இரண்டாவதில் அதே கை, விரல்கள் விரிந்து. 'இது என் அம்மாவின் கை. அம்மாவுக்கு இப்போது வலி இல்லை' என்று எழுதியிருந்தது. இந்த வரியை முதன்முதலாகப் படித்த அன்று அவள் பட்டறை முழுக்கக் கூட்டிப் படித்துக் காட்டி ஆடியிருக்கிறாள். இப்போது ஆட ஒன்றும் இல்லை. கை மட்டும் இருந்தது. படத்தில் இருந்த கையும், மடியில் கிடந்த கையும்.

மடியில் கிடந்த கை வலித்தது.

அது எப்போதும் வலிக்கிற கைதான். மழை வருவதற்கு முந்தின நாள் எலும்புக்குள் நெருப்பை வைத்த மாதிரி இருக்கும். சரம் பின்னும்போது கட்டைவிரலில் தொடங்கி முழங்கை வரை இழுக்கும். ஜோதி ஒவ்வொரு முறை கையை அழுத்திப் பார்த்து, "வலிக்குதாம்மா?" என்று கேட்கும்போதும் அந்த முகத்தைப் பார்த்ததும் வலி எங்கோ ஓடிப் போகும். இன்றைக்கு அது யாரோ ஒருத்தியின் முகம். ஓடிப் போக இடம் இல்லாமல் வலி அங்கேயே உட்கார்ந்திருந்தது.

படத்துக்குக் கீழே ஒரு விளம்பரம். வெந்த தோலை இதமாக அழுத்திப் பிடித்துக்கொள்ளும் மெல்லிய கையுறை, உள்ளுக்குள் குளிர்ச்சி. வேலுத்தாய் அந்தக் கையுறையைப் பார்த்தாள். பட்டறையில் அதைப் பல முறை பார்த்திருக்கிறாள், ஜோதி பேருக்கு. இப்போது அதை மாட்டிக்கொண்டால் எப்படி இருக்கும் என்று நினைத்தாள். அது தனக்கு வேண்டும் என்று தோன்றியது. நகை, புடவை, வீடு எதையும் பார்த்து இப்படி அவளுக்குத் தோன்றியதே இல்லை.

"போதும்" என்றது குரல். "இவர் உணர்ச்சியை அடக்கும் மாத்திரை எடுத்திருக்கிறார்."

ஜோதி திடுக்கிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

"விதியில் அதற்குத் தடை இல்லை. அந்த மாத்திரை பாசத்தை அடக்கும். தேவையை உண்டாக்காது. இந்த வாசகரின் வலது கையில் இப்போது கடுமையான வலி இருக்கிறது. நாளாவட்டத்தில் பழகிப்போன வலி. கையுறை மேல் அவருக்கு இருக்கும் தேவை உண்மையானது. முன்பு அவர் பார்த்தபோதும் அது இருந்திருக்கிறது. மேலே பாசம் மூடியிருந்ததால் எங்கள் அளவீட்டில் தெரியவில்லை."

"அப்ப என் பார்வை செல்லுமா சார்?" என்றாள் வேலுத்தாய். தன் குரலே யாருடையதோ போலக் கேட்டது.

"செல்லும். உங்களுடன் பார்த்த மற்றப் பெண்களின் பதிவுகளையும் இந்த முறையில் இன்னொரு தடவை அளந்தோம். அநேகமாக எல்லாருக்கும் அதே வலி, அதே தேவை. கணக்கு திறக்கப்படுகிறது. இனி உங்கள் பார்வையில் பாசத்தைக் கழித்துக்கொண்டு மிச்சத்துக்கு மட்டும் பணம் தருவோம். பாசத்துக்காகக் கணக்கைப் பூட்டமாட்டோம். நன்றி."

திரை அணைந்தது. பிழைத்தோம் என்று ஜோதி துள்ளியிருக்க வேண்டும். அவள் அசையவே இல்லை. மேசைமேல் கையை ஊன்றியபடி அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலி போயிருச்சுன்னு சொன்னியே."

வேலுத்தாய்க்கு மாத்திரையின் வேகம் இன்னும் குறையவில்லை. அது நல்லதாகப் போயிற்று. இல்லாவிட்டால் அப்போதும் பொய்தான் சொல்லியிருப்பாள். "போகல" என்றாள்.

"எப்பயுமே போகலியா?"

"விரல் விரிஞ்சுச்சு. அது நெசம். சோறு பிசையுதேன், தலை சீவுதேன். வலி மட்டும் அங்கனயேதான் கெடக்கு."

"குருவம்மா அத்தை? போன வாரம்கூடக் கையைத் தூக்கிக் காட்டி, ஒரு வலியும் இல்ல தாயின்னு சொல்லிட்டுப் போச்சே. எல்லாரும் சொன்னாங்களே! நான் அதை நம்பித்தான எல்லாத்தையும் எழுதினேன்? அதே பயிற்சியைத்தான எங்கெங்கோ இருக்கிறவங்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்திருக்கேன்?"

"உன் மனசு நோகக் கூடாதேன்னு சொன்னோம்" என்றாள் வேலுத்தாய். "நீ கேக்கும்போது உன் மூஞ்சி அப்படி இருக்கும். சரியாயிருச்சுன்னு சொன்னா உனக்கு நல்லாருக்கும்ல. ஆளுக்கு ஒண்ணு சொன்னோம். உன் பேருக்கு ஒரு கட்டு."

ஜோதி எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். வெளியே ஏதோ ஒரு ரயில் வந்து நின்று கிளம்பிப் போனது. அந்தக் கம்பெனியை அவள் எத்தனை திட்டியிருப்பாள். பாசத்தைக் குற்றம் என்று சொல்கிற ஜென்மம் ஒரு ஜென்மமா என்று கேட்டிருப்பாள். அது மனசில்லாத யந்திரம்தான், சந்தேகமில்லை. ஆனால் பட்டறைப் பெண்களின் கை வலிக்கிறது என்பதை வைத்தியம் பார்த்த ஜோதி கண்டுபிடிக்கவில்லை, அது கண்டுபிடித்தது. இதை ஒப்புக்கொள்ள அவளுக்குக் கசந்தது.

மாத்திரையின் வேகம் குறையத் தொடங்கியபோது வேலுத்தாய்க்கு எல்லாம் ஒரேயடியாக வந்தது. ஜன்னலோரம் நின்ற மகளின் முதுகைப் பார்த்தாள். அந்த முதுகு குலுங்கியது. ஐயோ, என்ன காரியம் பண்ணிவிட்டோம், பிள்ளை எழுதியதையெல்லாம் பொய்யாக்கிவிட்டோமே என்று பதறினாள்.

"ஏ தாயி, அந்த வரி அப்படியே இருக்கட்டும். யாருக்குத் தெரியும்? கணக்குதான் திரும்பிருச்சுல்ல. நான் வலிக்கலன்னே சொல்லிக்கிடுதேன்."

ஜோதி திரும்பினாள். கண் சிவந்திருந்தது. "இனி ஒரு தடவை வலிக்கலன்னு சொன்னேன்னு வையி, உன்கூடப் பேசமாட்டேன்" என்றாள்.

மறுநாள் பட்டறை விட்டதும் அத்தனை பெண்களையும் அறைக்கு வரச் சொன்னாள். உட்கார இடம் போதாமல் பாதிப் பேர் படியில் நின்றார்கள். ஜோதி நடுவில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "யாரும் என் மூஞ்சியைப் பார்க்காதீங்க. சுவத்தைப் பார்த்துச் சொல்லுங்க. எங்க வலிக்குது, எப்ப வலிக்குது?" என்று கேட்டாள்.

 முதலில் குருவம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். "சுண்டு விரல்ல ஊசி குத்துன மாதிரி இருக்குது தாயி. துணி பிழியும்போது உசுரு போகுது" என்றாள். சொல்லிவிட்டு, தப்பு செய்தவள் போல முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நல்லது அத்தை. இன்னும் சொல்லுங்க" என்றாள் ஜோதி.

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. ஆளாளுக்குச் சொன்னார்கள். நீ சொல்லிக்கொடுத்த மூன்றாவது பயிற்சியால் வலி கூடுகிறது என்றாள் ஒருத்தி. மெழுகு ஒத்தடம் அன்றைக்கு இதமாக இருக்கிறது, மறுநாள் தோல் எரிகிறது என்றாள் இன்னொருத்தி. அந்த மடக்குப் பயிற்சியை நான் வீட்டில் செய்ததே இல்லை, செய்தேன் என்று பொய் சொன்னேன் என்று ஒருத்தி சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டாள். ஒவ்வொன்றும் ஜோதி கட்டி எழுப்பியதில் ஒரு செங்கல்லை உருவியது. வேலுத்தாய் கதவோரம் நின்று மகள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், எப்போது வாடும் என்று. அது வாடவில்லை. ஜோதி குறுக்கே பேசாமல், சமாதானம் சொல்லாமல், ஒவ்வொரு கையாகத் தன் மடியில் வாங்கிவைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஜோதி பட்டம் வாங்கிய அன்று வேலுத்தாய் மண்டபத்தில் எழுந்து நின்று கூவியவள். அந்தப் பெருமையெல்லாம் ஒன்றுமே இல்லை என்று இப்போது தோன்றியது. சரியாயிருச்சு என்று கேட்க யாருக்கும் பிடிக்கும். சரியாகவில்லை என்று ஊரே சொல்லும்போது உட்கார்ந்து கேட்க என் பிள்ளையால் முடிகிறது என்று நினைத்தாள். 

பெண்கள் கலைந்து போன பிறகு ஜோதி போனை நீட்டினாள். "மாத்தி எழுதியிருக்கேன். படி."

அதே இரண்டு படங்கள்தான். கீழே வரி மட்டும் மாறியிருந்தது. 'இது என் அம்மாவின் கை. அம்மாவுக்கு இப்போது வலி இல்லை என்று முன்பு எழுதியிருந்தேன். அது தவறு. விரல்கள் விரிந்தது உண்மை, வலி போகவில்லை. மழை வரும் முன் மிகவும் வலிக்கிறது. அதை எப்படிப் போக்குவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. மூன்றாவது பயிற்சியை இப்போதைக்கு யாரும் செய்ய வேண்டாம். உங்களுக்கு வலித்தால், வலிக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.'

வேலுத்தாய் எழுத்துக் கூட்டிப் படித்தாள். படித்து முடித்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தாள். கீழே கையுறை விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது, அவள் அதைக் கவனிக்கவே இல்லை. மணிக்கட்டில் பட்டை கிர்ரென்று அதிர்ந்தது. திரையின் மூலையில் ஏதோ ஒரு வரி வந்து போனது.

"என்னத்தா சொல்லுது?" என்றாள் பயந்துபோய்.

ஜோதி எட்டிப் பார்த்தாள். "பாசத்தைக் கழிச்சுட்டானாம்."

"கழிச்சது போக மிச்சம் ஏதும் தேறுமா?"

"ஒண்ணும் இல்லம்மா. மொத்தமும் கழிஞ்சு போச்சு."

"போகட்டும் போ" என்றாள் வேலுத்தாய். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வலிக்கிற விரலால் பக்கத்தை மேலே தள்ளி, மறுபடி முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினாள்.